மறுப்பவனே காரணம் சொல்லட்டும்!

(வல்லக்கோட்டையில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐரோப்பாவில் ஒரு நாட்டுப் பட்டத்தை மற்றொரு நாடு ஒப்புக்கொள்வதைப் பற்றி வல்லக்கோட்டையில் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். ஒரகடத்திலே ஜெர்மன் லாரி ஆலை இருக்கிறது. பிரெஞ்சுக் கார் ஆலை இருக்கிறது. அந்த நாட்டு மூலதனம் எல்லை தாண்டி நம் வயல்வெளிக்கே வந்துவிட்டது. அங்கே படித்தவர்கள் பெற்றுள்ள உரிமையும் கூடவே வந்ததா? அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

1997 ஏப்ரல் 11 அன்று, போர்ச்சுக்கல் தலைநகர் லிஸ்பனில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஐரோப்பியக் கவுன்சிலும் யுனெஸ்கோவும் சேர்ந்து உருவாக்கியது அது. ஒரு நாட்டில் பெற்ற உயர்கல்வித் தகுதியை மற்ற நாடு ஏற்கவேண்டும். ஏற்க மறுத்தால், இரண்டு படிப்புக்கும் கணிசமான வேறுபாடு உண்டென்று மறுப்பவர்தான் நிரூபிக்கவேண்டும். காரணம் சொல்லவேண்டும், மேல்முறையீட்டுக்கும் இடம் தரவேண்டும். யுத்தத்தில் காகிதங்களை இழந்து ஓடிவந்த அகதிக்குக்கூட, அவன் தகுதியைச் சோதித்தறிய வழி செய்யவேண்டும். இரண்டே ஆண்டில், 1999-ல், 29 நாடுகள் இத்தாலியின் போலோன்யா நகரில் கூடி, பட்டங்களை ஒரே சீராக அமைக்க இசைந்தன.

முதலாளிகளின் மனம் இளகிவிட்டதா? இல்லை. படித்த உழைப்பு எல்லை தாண்டி வருவது மூலதனத்துக்குத் தேவை. ஆனாலும், மறுப்பவனே காரணம் சொல்லவேண்டும் என்ற விதி நியாயமான விதி. அதை நாம் விட்டுவிடலாகாது.

நமது சர்க்காரும் பட்டங்களை ஒப்புக்கொள்ளும் உடன்பாடுகளைச் செய்திருக்கிறது. 2018-ல் பிரான்சுடன், 2022-ல் பிரிட்டனுடன். நல்லதே. நம் பிள்ளைகளும் நாளை அங்கே போய்ப் படிக்கட்டும். ஆனால் கடல் தாண்டும் பட்டத்துக்கு மதிப்புத் தேடும் சர்க்கார், சாலையைத் தாண்டும் தொழிலாளிக்கு என்ன செய்தது?

நமக்குத் தெரிந்த ஒரு பையன், விவசாயத் தொழிலாளியின் மகன். ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்துத் தேசியச் சான்றிதழ் வாங்கியவன். ஏழு வருஷத்தில் மூன்று ஆலைகளில் வேலை செய்தான். ஒவ்வொரு கேட்டிலும் அவன் "புது ஆள்". ஒவ்வொரு முறையும் "டிரெயினி". ஒவ்வொரு முறையும் அடிமட்டக் கூலி. ஏழு வருஷத்து அனுபவம் எங்கே போயிற்று? மெஷினுக்குத் தெரியும், நிர்வாகத்தின் ஏட்டில் மட்டும் இல்லை!

1961-ம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டம் பயிற்சியாளரைத் தொழிலாளி அல்ல என்கிறது. பயிற்சி முடித்தவனுக்கு வேலை தந்தே ஆகவேண்டும் என்ற பொதுக் கட்டாயமும் அதில் இல்லை. ஆயினும், முறைப்படி ஒப்பந்தம் பதிவாகி, பயிற்சி முடித்துத் தேறினால் தேசிய அப்ரெண்டிஸ் சான்றிதழ் உண்டு. பதிவே செய்யாமல் "டிரெயினி" என்று வைத்துக்கொண்டால் அதுவும் கிடையாது. ஆகவே பெற்றோர்களே, பிள்ளையை ஆலைக்கு அனுப்புமுன் ஒப்பந்தம் பதிவாயிற்றா என்று கேளுங்கள்.

தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நாம் எதிர்க்கிறோம், எதிர்த்துப் போராடுவோம். ஆனால் 2020-ம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பிலேயே, ஒப்பந்தத் தொழிலாளி கேட்டால், செய்த வேலையைக் குறிப்பிட்டு அனுபவச் சான்றிதழை காண்டிராக்டர் தரவேண்டும் என்று எழுதியிருக்கிறது. தனியாகக் கேட்டால் மறுநாள் வேலை போகும் என்று பயப்படுகிறீர்கள். பயம் நியாயமே. அதனால்தான் நூறு பேர் ஒரே நாளில், ஒரே மனுவில், சங்கத்தின் மூலம் கேட்கவேண்டும்.

காகிதம் மட்டும் கூலியை உயர்த்திவிடாது, நாம் அறிவோம். ஆனால் காகிதமில்லாதவனை நிர்வாகம் நாளும் புதியவனாக்குகிறது. புதியவன் என்ற பெயரால் கூலியை வெட்டுகிறது.

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று:

எந்த ஆலையில் செய்த வேலையானாலும் அனுபவமாகக் கணக்கிடு!

தகுதியில்லை என்று மறுத்தால், எழுத்து மூலம் காரணம் சொல்!

நிரந்தர வேலைக்கு நிரந்தரத் தொழிலாளியை வை!

லிஸ்பனில் பட்டதாரிக்கு நியாயமானது, வல்லக்கோட்டையில் பாட்டாளிக்கு அநியாயமாகிவிடுமா? ஒன்றுபடுவோம், தோழர்களே! கேட்டுப் பெறுவோம்!