எத்தனை கிலோ விற்றால் முதலுக்கு மோசமில்லை?

எனக்கு ஊர் வெள்ளிமலை. பத்தாவது வரை படித்தேன். கணக்கில் 41 மார்க். அப்படிப்பட்ட என்னைக் கணக்கு பற்றிப் பேசச் சொன்னதுக்கு ஒரே காரணம், கணக்குப் போடாமல் எங்க குழு பட்ட அடிதான்.

2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கீழ்நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர் வீட்டிலெல்லாம் சாமையும் தினையும் தேட ஆரம்பிச்சாங்க. நம்ம கல்வராயன் மலையில் நம்ம பாட்டன் காலத்திலிருந்து விதைக்கிற சாமை. சும்மா இருப்போமா? கள்ளக்குறிச்சியில் மூணு நாள் கண்காட்சின்னு தகவல் வந்ததும் கிளம்பிட்டோம். ஸ்டால் வாடகை கிடையாது. அதைக் கேட்டதுமே லாபம் வந்துட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

120 கிலோ சாமை அரிசி கொண்டுபோனோம். கிலோ 110 ரூபாய். மூணாம் நாள் சாயந்திரம் ஒரு பாக்கெட் மிச்சமில்லை. 13,200 ரூபாயை முந்தானையில் முடிஞ்சிக்கிட்டு, கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலை ஏறும்போது நாங்க மூணு பேரும் பாட்டே பாடினோம்.

மாசக் கடைசிக் கூட்டத்தில்தான் பூதம் கிளம்பிச்சு. ஒரு அக்கா மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டக் கடன் கேட்டாங்க. பெட்டியில் பணம் குறையுது. சரக்குக்கும் செலவுக்குமாக எடுத்தது 15,600. திரும்பி வந்தது 13,200. மீதி 2,400 எங்கே? எல்லாம் வித்துப் போச்சுன்னு நாங்களே வாயால் சொல்லியிருக்கோம். அப்ப பணம் எங்கே போச்சு? யாரும் நேராகக் கேட்கலை. ஆனா தண்ணிக் குழாய்கிட்ட பேச்சு வந்துடுச்சு, “மூணு பேரும் டவுன்ல நல்லா சாப்பிட்டாளுங்க” என்று. வீட்டுக்காரர் கூட, “உனக்கு எதுக்கு இந்த வேலை”ன்னார். அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடலை. அந்த அக்கா வெளியே வட்டிக்கு வாங்கித்தான் பீஸ் கட்டினாங்க. அது இன்னைக்கும் எனக்கு உறுத்தும்.

எல்லாரும் தூங்கின பிறகு பையனோட நோட்டைக் கிழிச்சு உட்கார்ந்தேன். முதலில் ஒரு கிலோ அரிசிக்கு நமக்கு எவ்வளவு அடங்குதுன்னு எழுதினேன். சாமை கிலோ 40 ரூபாய். உமி, தவிடு போக ஒரு கிலோ அரிசி தேற 1.6 கிலோ சாமை வேணும். அதுக்கு 64. மிஷின் கூலி 6, கல் பொறுக்கிப் புடைக்க 5, கவரும் ஸ்டிக்கரும் 5. மொத்தம் 80. 110-க்கு விற்றால் கையில் நிற்கிறது 30 ரூபாய்தான். 110 நம்ம பணம் இல்லை, 30 தான் நம்ம பணம். இதைப் புரிஞ்சிக்கவே எனக்கு அரை ராத்திரி ஆச்சு.

அப்புறம் போய்வந்த செலவு. வேன் போக வர 2,400. பிளக்ஸ் 600. நோட்டீஸ் 900. ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னதுக்கு 750. மூணு பேர் மூணு நாள் சாப்பாடு, டீ 1,350. ஆக 6,000. ஒரு பாக்கெட் விற்றாலும் ஆயிரம் பாக்கெட் விற்றாலும் இந்தச் செலவு இதேதான்.

இப்ப இந்த 6,000-ஐ அந்த 30-ஆல் வகுத்துப் பாருங்க. 200 வருது. 200 கிலோ விற்றால்தான் முதலுக்கு மோசமில்லை. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. 201-ஆவது கிலோவிலிருந்துதான் லாபம். நாங்க ஏத்திக்கிட்டுப் போனதே 120! எல்லாத்தையும் வித்தாலும் 80 கிலோ குறையுது. எண்பது முப்பது 2,400. பெட்டியில் காணாமல் போன அதே பணம். யாரும் தின்னலை, தாயிங்களா. வெள்ளிமலையில் வேன் கிளம்பும்போதே நட்டத்தையும் சேர்த்துத்தான் ஏத்தியிருக்கோம்.

மறுநாள் அந்தத் தாளைக் குழுவில் வாசிச்சேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் பீஸ் கேட்ட அக்காதான், “உங்க மூணு பேர் கூலி எங்கடி?”ன்னாங்க. நான் போடவே இல்லை. மூணு நாள் களை எடுக்கப் போயிருந்தா ஆளுக்கு 300 வீதம் 2,700 வந்திருக்கும். அதையும் சேர்த்தா செலவு 8,700, விற்க வேண்டியது 290 கிலோ. எங்க தலைவி அக்காவுக்கு இதில் இன்னும் சம்மதம் இல்லை. கூலியெல்லாம் சேர்த்தா எங்கேயும் போக முடியாதும்பாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். நம்ம உழைப்பைச் சும்மான்னு நாமளே எழுதினா, கடைக்காரன் ஏன் அதுக்கு விலை கொடுக்கப் போறான்?

அடுத்த கண்காட்சிக்குத் தகவல் வந்தப்ப முதலில் நோட்டை எடுத்தோம். ஒரு தங்கச்சி, கிலோ 100-க்குக் கொடுத்தா சீக்கிரம் போகும்னா. பத்து ரூபாய்தானேன்னு தோணும். ஆனா அந்தப் பத்து, கையில் நிற்கிற முப்பதிலிருந்துதான் போகும். மீதி 20. 6,000-ஐ இருபதால் வகுத்தா 300 கிலோ. பத்து ரூபாய் குறைச்சதுக்கு இன்னும் 100 கிலோ கூடுதலா விற்கணும்! விலையில் கை வைக்கலை. செலவில் கை வைச்சோம். வேன் வேண்டாம், மூட்டையை பஸ்ஸிலேயே போட்டோம். லக்கேஜ் டிக்கெட்டோட 1,100. பழைய பிளக்ஸே போதும். மைக் கிடையாது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வந்தோம்னு போன தடவை ஒருத்தர் கூட சொல்லலை. நோட்டீஸ் 600, ரெண்டு பேர் ரெண்டு நாள் சாப்பாடு 700, கூலி 1,200. மொத்தம் 3,600. வகுத்தா 120 கிலோ. அதே 120! 150 கிலோ கொண்டுபோனோம், 134 போச்சு. பதினாலு கிலோவுக்கு லாபம் 420 ரூபாய்.

சிரிக்காதீங்க. கூலியும் எடுத்துக்கிட்டு, அதுக்கு மேலே 420. மீதி 16 கிலோவைப் பெரியார் அருவி பார்க்க வந்தவங்ககிட்ட ரோட்டோரமா உட்கார்ந்து ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில் வித்தோம். தள்ளிப்போட முடியாது. தீட்டின அரிசி நாள்பட்டா சிக்கு வாடை அடிக்கும்.

நோட்டீஸ் பற்றி ஒண்ணு சொல்லணும், இதில் நான் ரெண்டாவது தடவை ஏமாந்தேன். கச்சிராயபாளையம் கடைத்தெருவில் கொடுக்க 900 ரூபாய்க்கு அடிச்சோம். 30 கிலோ விற்றால் சரியாப் போச்சு. அந்த மாசம் 62 கிலோ போனது. ஜெயிச்சுட்டோம்னு நினைச்சேன். ஆனா அதில் 40 கிலோ, நோட்டீஸ் இல்லாமலே மாசாமாசம் வாங்குற ரெண்டு கடைக்குப் போறது. அது நோட்டீஸ் கொண்டுவந்தது இல்லை. மீதி 22 தான் புதுசு. இன்னும் 8 கிலோ பாக்கி. அதிலிருந்து போனில் யார் கேட்டாலும், “எப்படிம்மா தெரியும்?”னு கேட்டு நோட்டில் ஒரு கோடு போடுவேன். நோட்டீஸ் பார்த்து வந்தவங்களில் அஞ்சு பேர் அடுத்த ரெண்டு மாசத்தில் மறுபடி 11 கிலோ வாங்கினாங்க. 33 ஆச்சு. மூணாவது மாசம்தான் நோட்டீஸ் காசு திரும்பினது. ருசி பிடிச்சு மறுபடி வர்ற ஆள்தான் நோட்டீஸுக்குக் கூலி கொடுக்கிற ஆள்.

லிஜ்ஜத் அப்பளம் தெரியாதவங்க இல்லை. 1959-ல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி ஆரம்பிச்சது. அந்தக் கதையைப் பயிற்சியில் கேட்டப்ப எல்லாரும் கை தட்டினோம். எனக்கு மட்டும், அந்த 80-ஐத் திருப்ப எத்தனை அப்பளம் வித்திருப்பாங்கன்னு மனசுக்குள் ஓடிக்கிட்டிருந்தது. அப்படி ஆயிட்டேன்.

பீஸ் கட்டின அக்கா மகள் இப்ப ரெண்டாம் வருஷம் படிக்குது. லீவில் வந்தா எங்க நோட்டை அதுதான் சரிபார்க்குது, ரெண்டு தப்பும் கண்டுபிடிச்சுது. நோட்டைப் பையில் கொண்டுவந்திருக்கேன். புளி, தேன், கடுக்காய் எதுவா இருந்தாலும் உங்க விலையையும் செலவையும் சொல்லுங்க, சாப்பாட்டு நேரத்தில் சேர்ந்து வகுத்துப் பார்த்துடலாம்.