எதிர்ப்பொருளும் கீழேதான் விழுகிறது



கரும்பேந்திய தண்டாயுதபாணி குன்றின்மேல் நிற்கும் பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்தில், பொருளின் எதிர்மின்னேற்ற இணையான எதிர்ப்பொருளைப் பற்றி ஒரு கருத்தரங்கு எதற்கு என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லித்தான் இந்த உரையைத் தொடங்க வேண்டும்.

உங்கள் உள்ளங்கையை வானம் பார்க்க விரித்து வையுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் வழியே நிமிடத்துக்கு மியூவான் என்னும் நுண்துகள் ஏறத்தாழ ஒன்று கடந்து போகிறது. உள்ளங்கை முழுவதும் கணக்கிட்டால் நிமிடத்துக்குச் சுமார் நூறு. அவற்றுள் பாதிக்குச் சற்று மேற்பட்டவை நேர்மின்னேற்றம் கொண்டவை, அதாவது எதிர்மியூவான்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் உச்சியில் மோதும்போது பிறந்து, இந்தக் கூரையையும் நம் உடலையும் ஊடுருவி மண்ணுக்குள் இறங்குகின்றன. செட்டிகுளத்தின் பெயரைச் சந்தைகளில் நிலைநிறுத்திய சின்ன வெங்காயத்திலும் பொட்டாசியம் உண்டு. அதில் மிகச் சிறு பங்கு பொட்டாசியம்-40. அது சிதையும்போது ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு தடவை பாசிட்ரானை, அதாவது எதிர் எலக்ட்ரானை, வெளியிடுகிறது. ஆகவே எதிர்ப்பொருள் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்துக்கு மட்டும் உரியதன்று. இந்த மண்ணிலும் அது அன்றாடம் பிறந்து மறைகிறது.

அப்படியானால் அது கீழே விழுகிறதா, மேலே போகிறதா என்பதை இங்கேயே பார்த்துவிடலாமே என்று ஒரு மாணவர் கேட்கலாம். மியூவான் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வருகிறது. பதினைந்து கிலோமீட்டர் கடக்க அதற்கு 50 மைக்ரோ விநாடி போதும். அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பு ஒரு பொருளை இழுக்கக்கூடிய தொலைவு ஒரு மீட்டரில் சுமார் எட்டுக் கோடியில் ஒரு பங்கு. எந்தக் கருவிக்கும் அது அகப்படாது. ஈர்ப்பை அளக்க வேண்டுமானால் எதிர்ப்பொருளை முதலில் நிதானப்படுத்த வேண்டும்.

நிதானப்படுத்தினாலும் தொல்லை தீரவில்லை. பாசிட்ரானுக்கு மின்னேற்றம் உண்டு. அதன் எடைக்கு ஈடான விசையைத் தர, ஒரு மீட்டர் இடைவெளியில் ஒரு வோல்ட்டின் ஆயிரத்து எண்ணூறு கோடியில் ஒரு பங்கு மின்னழுத்த வேறுபாடு இருந்தாலே போதும். சுற்றியுள்ள உலோகக் குழாயின் சுவரே அதைவிடப் பெரிய மின்புலத்தை உண்டாக்கிவிடும். 1960களில் ஸ்டான்ஃபோர்டில் இயற்பியலாளர்கள் விட்போர்னும் ஃபேர்பாங்கும் எலக்ட்ரானின் வீழ்ச்சியை அளக்க முற்பட்டார்கள். பாசிட்ரானையும் அளப்பதே அவர்கள் எண்ணம். இந்தச் சிக்கல்தான் குறுக்கே நின்றது.

மின்னேற்றமற்ற அணு வேண்டும். எதிர்ப்புரோட்டானைச் சுற்றி ஒரு பாசிட்ரான், அதுவே எதிர்ஹைட்ரஜன். 1995இல் செர்ன் ஆய்வகத்தில் ஒன்பது அணுக்கள் உருவாயின. அவை பாய்ந்த வேகத்தில் எதையும் அளக்க முடியவில்லை. 2010இல் அதே ஆய்வகத்தின் ஆல்ஃபா குழுவினர் 38 அணுக்களைக் காந்தப் பொறிக்குள் நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே ஆயிரம் விநாடி வரை நிறுத்திக் காட்டினார்கள். பிறகு செங்குத்தான ஒரு பொறியைக் கட்டினார்கள். மேலும் கீழும் காந்த மூடி. இரண்டையும் ஒரே சீராக, மெல்லத் தளர்த்தினால் அணுக்கள் எந்தப் பக்கம் அதிகமாக வெளியேறும்? சுவரில் பட்டு அழியும் இடத்தைக் கொண்டு எண்ணினார்கள். ஏறத்தாழ 80 விழுக்காடு கீழே போயின. சாதாரண ஹைட்ரஜனுக்குக் கணினி சொல்லும் கணக்கும் அதுவே. 2023 செப்டம்பரில் நேச்சர் இதழில் வெளியான முடிவின்படி, எதிர்ஹைட்ரஜனின் முடுக்கம் நாம் அறிந்த புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.75 மடங்கு. பிழை வரம்பு சுமார் 0.2. ஆகவே ஒன்று என்ற எதிர்பார்ப்போடு முரண்பாடில்லை. மேல்நோக்கித் தள்ளப்படுகிறது என்ற கருத்துக்கு இனி இடமில்லை. எதிர்ப்பொருளைக் கட்டிக்கொண்டு ஈர்ப்பை வென்று பறக்கும் ஊர்தி என்று எழுதுவோர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இது தெரிந்த முடிவுதானே, இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களோடு நான் உடன்படவில்லை. புரோட்டானின் நிறையில், அதன் உட்துகள்களான குவார்க்குகளின் சொந்த நிறை நூறில் ஓரிரு பங்குதான். மீதி, அவற்றைப் பிணைத்து வைத்திருக்கும் ஆற்றலிலிருந்து வருகிறது. அந்தப் பிணைப்பாற்றல் எதிர்ப்புரோட்டானிலும் அதே அளவு. ஆகவே எதிர்க்குவார்க்கிடம் ஈர்ப்பு வேறு விதமாக நடந்துகொண்டாலும், அணுவின் வீழ்ச்சியில் அது மிகச் சிறிதாகவே வெளிப்படும். இருபது விழுக்காட்டுப் பிழையில் அதைக் காண முடியாது. ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கினால்தான் உண்மையான சோதனை தொடங்கும். 2021இல் எதிர்ஹைட்ரஜனை லேசரால் குளிர்விக்க முடிந்தது. எனவே அந்த நாள் வரும் என்று நம்புகிறேன்.

பயன்களுக்கு வருவோம். எரிபொருள் என்ற பேச்சை விரைவாகக் கடந்துவிடலாம். ஒரு கிராம் எதிர்ப்பொருளும் ஒரு கிராம் பொருளும் சேர்ந்து அழிந்தால் ஐந்து கோடி யூனிட் மின்சாரத்துக்கு நிகரான ஆற்றல் கிடைக்கும். ஆனால் செர்ன் இதுவரை உண்டாக்கிய எதிர்ப்புரோட்டான்கள் அனைத்தையும் அழித்தாலும் ஒரு பல்பு சில நிமிடமே எரியும். அவற்றை உண்டாக்கச் செலவிட்ட மின்சாரமோ அளவிறந்தது. கிடைப்பதைவிடக் கொடுப்பது பன்மடங்கு அதிகமான ஒன்று எரிபொருள் ஆகாது.

மருத்துவத்தில் அது ஏற்கெனவே உழைக்கிறது. நம் மாவட்டத்துப் புற்றுநோயாளிகள் திருச்சிக்கும் சென்னைக்கும் சென்று எடுத்துவரும் பெட் ஸ்கேன், பாசிட்ரானின் வேலை. ஃபுளோரின்-18 சேர்த்த சர்க்கரையை ஊசி மூலம் செலுத்துகிறார்கள். புற்று இருக்கும் இடம் அந்தச் சர்க்கரையை மிகுதியாக இழுத்துக்கொள்கிறது. அங்கே வெளிப்படும் பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து அழிந்து, எதிரெதிர்த் திசையில் இரு காமாக் கதிர்களை அனுப்புகிறது. அவற்றைக் கொண்டு இடம் கணிக்கப்படுகிறது. 110 நிமிடத்தில் ஃபுளோரின்-18 பாதியாகக் குறைந்துவிடும். அதனால் மருந்து உருவாகும் இடத்துக்கும் நோயாளிக்கும் இடைப்பட்ட சாலைத் தொலைவே பரிசோதனையைத் தீர்மானிக்கிறது. இது இயற்பியல் மட்டுமன்று, மாவட்ட மருத்துவத் திட்டமிடலும் ஆகும். மருத்துவத்துக்கு வெளியேயும் பயனுண்டு: கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் பாசிட்ரானைக் கொண்டு உலோகங்களுக்குள் அணு விட்டுப்போன வெற்றிடங்களைத் தேடுகிறது.

எனக்கு மிகவும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஊட்டியில் இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில் 560 சதுர மீட்டர் பரப்பில் ஒரு மியூவான் தொலைநோக்கி. நிமிடத்துக்குச் சுமார் 25 லட்சம் மியூவான்களை எண்ணுகிறது. 2014 டிசம்பர் 1ஆம் நாள் ஓர் இடிமேகம் மேலே வந்து நின்றது. 18 நிமிடம் மியூவான் எண்ணிக்கை இரண்டு விழுக்காடு வரை குறைந்தது. மேகத்தின் மின்புலம் ஒரு வகை மியூவானுக்கு ஆற்றல் கூட்டும், மற்றதற்குக் குறைக்கும். இரண்டும் சம எண்ணிக்கையில் வந்தால் கூடுதலும் குறைவும் ஏறக்குறைய ஈடாகிவிடும். எதிர்மியூவான் சற்று அதிகம் என்பதாலேயே மாற்றம் கண்ணில் பட்டது. அதிலிருந்து மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணித்து 2019இல் வெளியிட்டார்கள். இடிமேகத்தில் இவ்வளவு பெரிய மின்னழுத்தம் இருக்கக்கூடும் என்று அதற்குச் சுமார் தொண்ணூறு ஆண்டுகள் முன்பே சொன்னவர் இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன். துகள்களின் தடத்தைக் காட்டும், அவர் கண்டுபிடித்த மேக அறையைக் கொண்டுதான் 1932இல் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டார். எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறுவதை 1936இல் கணக்கிட்டவர் நம் ஹோமி பாபா. மோதுவிப்பான்களில் துகள் கற்றையின் செறிவை அளக்க அக்கணக்கு இன்றும் பயன்படுகிறது.

ஊட்டியில் நடந்தது நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. எதிர்ப்பொருளை உண்டாக்கக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். வானம் கொடுப்பதை எண்ணுவதற்குப் பொறுமையும் ஒழுங்கும் இருந்தால் பெருமளவு வேலை நடந்துவிடும். அருகிலுள்ள காரையின் அம்மோனைட்டுப் புதைபடிவங்களையும் சாத்தனூர்க் கல்மரத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை உண்டு.

ஆகவே இங்கு வந்துள்ள கல்லூரி இயற்பியல் துறைகளிடம் ஒரு வேண்டுகோள். துறைக்கு ஒரு மேக அறையாவது இந்தக் கல்வியாண்டில் அமையுங்கள். கண்ணாடித் தொட்டியும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் உலர்பனியும் போதும், தடங்களை மாணவர் கண்ணால் காண்பார்கள். இயன்றவர்கள் துகள் பட்டால் ஒளிரும் இரண்டு சின்டிலேட்டர் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சாய்வை மாற்றி மாற்றி மியூவான்களை எண்ணுங்கள். இடி மழைக்கால அளவுகளைத் தனியே பதிவு செய்யுங்கள். மியூவான்களையும் எதிர்மியூவான்களையும் காந்தத்தால் பிரித்தறியும் 85 டன் மினி ஐகால் கருவி மதுரையில் இருக்கிறது. மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லுங்கள். எண்ணியவற்றைத் தமிழில் எழுதி அடுத்த கருத்தரங்குக்குக் கொண்டு வாருங்கள். அவற்றுக்கென ஓர் அமர்வை ஒதுக்கும்படி அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டு, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.