செல்வம் வளர்வது எதனால்?



திருச்சிராப்பள்ளிக்கு வருகிறவர்கள் மலைக்கோட்டையைக் காணாமல் திரும்புவதில்லை. பொருளாதாரம் பயில்கிறவர்கள் அதற்குச் சற்றுத் தொலைவில் உள்ள காந்தி மார்க்கெட்டையும் ஒருமுறை கண்டு வர வேண்டும். பகலில் அல்ல, நள்ளிரவு கடந்த பின் செல்ல வேண்டும். ஊர் உறங்கும் அந்நேரத்தில் அங்கே லாரிகள் வந்து நிற்கும். ஒட்டன்சத்திரத்துக் காய்கள், பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம், நீலகிரியின் மலைக்காய்கறிகள், காவிரிக் கரையின் வாழைத்தார்கள் ஆகிய யாவும் பொழுது புலர்வதற்குள் இறக்கப்பட்டு, விலை பேசப்பட்டு, சில்லறைக் கடைகளுக்குப் பிரிந்து போய்விடும். யாரும் ஆணையிடவில்லை; ஆயினும் காலையில் ஒவ்வொரு வீட்டு அடுப்பிற்கும் கத்தரிக்காய் வந்து சேர்கிறது.

இவ்வளவு பெரிய வணிகம் நடைபெறும் ஊர் நாளுக்கு நாள் செல்வம் பெருகும் ஊராகத்தானே இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். சற்றே எண்ணிப் பாருங்கள். இன்று நூறு லாரிகள் வந்தன. நாளையும் அதே நூறு லாரிகள் அதே சரக்கோடு வந்தால் நாளைய செல்வம் இன்றைய அளவேதான். வாணிகம் பொருளை உரியவரிடம் சேர்க்கிறது, வீணாவதைத் தடுக்கிறது. அது பெரும் பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் வளர்ச்சி என்று நாம் கூறுவது, அதே மனிதர் அதே எட்டு மணி நேர உழைப்பில் சென்ற ஆண்டைக் காட்டிலும் மிகுதியாகப் படைப்பதை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தொழிற்புரட்சிக்குப் பின் அது தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்தது. அதற்கு முன் உலகில் எங்கும் அவ்வாறு இடைவிடாது நிகழ்ந்ததில்லை. அதன் காரணம் என்ன?

பணம் போட்டால் வளரும், கட்டடம் கட்டினால் வளரும் என்பது பலரும் கூறும் விடை. அவ்விடையைச் சோதித்துப் பார்க்க நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. காந்தி மார்க்கெட்டின் நெரிசலைத் தீர்ப்பதற்கென்று மதுரை நெடுஞ்சாலையை ஒட்டிய கள்ளிக்குடியில் கோடிக்கணக்கான ரூபாய்ச் செலவில் புதிய மொத்தச் சந்தை எழுப்பப்பட்டு, 2017ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. விசாலமான கடைகள், வண்டிகள் திரும்பப் போதிய இடம் எல்லாம் இருந்தன. வணிகர்கள் மட்டும் பெரும்பாலும் அங்கே செல்லவில்லை. இதை அவர்களுடைய பிடிவாதம் என்று சிலர் கூறுவர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், எந்தச் சில்லறை வியாபாரிக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், எந்த ஊர் வெங்காயம் எத்தனை நாள் தாங்கும் என்னும் அறிவெல்லாம் பழைய மார்க்கெட்டின் சந்துகளில் பல்லாண்டுகளாகச் சேர்ந்து கிடக்கிறது. சுவரைப் புதிதாக எழுப்பலாம். அந்த அறிவை ஒப்பந்தக்காரர் கட்டித் தர இயலாது.

1957இல் ராபர்ட் சோலோ என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் இதையே கணக்கிட்டுக் காட்டினார். 1909 முதல் 1949 வரை, ஒரு மணி நேர உழைப்பிற்கு அமெரிக்கா படைத்த பொருளின் அளவு இரு மடங்காகியிருந்தது. அதில் இயந்திரமும் கட்டடமும் பெருகியதால் வந்தது எட்டில் ஒரு பங்கே. எஞ்சிய ஏழு பங்கும் தொழில்முறை மேம்பட்டதால் வந்தது என்று அவர் கண்டார். 1987இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் தொழில்முறை எவ்வாறு மேம்படுகிறது என்பதை அவருடைய கணக்கு கூறவில்லை. அதை அறிய நாம் தஞ்சாவூர்ச் சாலையில் திருவெறும்பூர் வரை செல்வோம்.

அங்கே செக்கோஸ்லோவாகிய நாட்டின் ஒத்துழைப்போடு அமைக்கப்பட்ட உயரழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. பாரத மிகுமின் நிறுவனம் என்றால் யாவரும் அறிவர். அனல் மின்நிலையத்தின் கொதிகலன் நம் வீட்டு வெந்நீர்ப் பானை போன்றதன்று. அதன் குழாய்களில் 500 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்கிற்கும் மேலான அழுத்தத்தில் நீராவி ஓடுகிறது. குழாயோடு குழாயை இணைக்கும் பற்றவைப்புகள் பல்லாயிரம். அவற்றுள் ஒன்று பழுதானாலும் மின்நிலையம் நின்றுபோகும். ஆகவே பற்றவைத்தவர் ‘நன்றாக வந்திருக்கிறது’ என்று சொன்னால் மட்டும் போதாது. ஊடுகதிர்ப் படம் எடுத்து உள்ளே குமிழி இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குறை கண்டால் அதற்குக் காரணம் தேட வேண்டும்: கம்பியில் ஈரமா, மின்னோட்டம் மிகுதியா, உலோகம் விரைந்து குளிர்ந்துவிட்டதா?

இக்கேள்விகளுக்கு விடை காண்பதற்காகவே 1975இல் ஐக்கிய நாடுகளின் உதவியோடு அங்கே பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. தொழிற்சாலைக்குச் சற்று அப்பால், துவாக்குடியில், மண்டலப் பொறியியற் கல்லூரி 1964இலேயே தொடங்கப்பட்டிருந்தது. இன்று அது தேசியத் தொழில்நுட்பக் கழகம். ‘எப்படி’ என்பதை அறிந்த கையும் ‘ஏன்’ என்பதை ஆராயும் மூளையும் ஒரே சாலையில் அமைந்தன. சுற்றிலும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. பொன்மலை ரயில்வேப் பட்டறையின் கைத்திறன் முன்பே இவ்வட்டாரத்தில் வேரூன்றி இருந்தது. முதலில் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்ட வகையைச் சேர்ந்த நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சினை இந்த நூற்றாண்டிலும் புதிதாகக் கட்டித் தந்த பட்டறை அது. என்னிடம் படித்தவர்களுள் பலர் வளைகுடா நாடுகளில் பற்றவைப்பாளர்களாக நன்கு வாழ்கின்றனர். அவர்கள் கடல் கடந்து கொண்டு சென்ற மூலதனம் இந்தச் சாலையில் கற்றதுதான்.

2025ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்ற ஜோயல் மோகிர் என்னும் வரலாற்று அறிஞரின் கருத்தும் ஏறத்தாழ இதுவே. பழங்காலத்திலும் புதியன கண்டுபிடிக்கப்பட்டன. ஆனால் அவை ஏன் இயங்குகின்றன என்பது விளங்காமையால் மேலும் திருத்த முடியாமல் நின்றுபோயின. காரணம் விளங்கியபின் ஒரு திருத்தம் அடுத்த திருத்தத்திற்கு வழிகாட்டியது என்பார் அவர்.

அப்பரிசின் மறுபாதியைப் பகிர்ந்துகொண்ட அகியோன், ஹோவிட் இருவரும் கூறுவது சற்றுக் கசப்பான செய்தி. புதியது வரும்போது பழையது அழிகிறது. அந்த அழிவும் வளர்ச்சியின் ஒரு பகுதி என்கின்றனர். ஏட்டில் இதைப் படிப்பது எளிது. திருச்சி மாவட்டத்துச் சிற்றூர்களில் செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டிய குடும்பங்களை அறிந்தவர்களுக்கு அவ்வளவு எளிதன்று.

ஒரு காலத்தில் வீட்டுத் திண்ணைதோறும் பட்டை தீட்டும் சக்கரம் சுழன்றது. கூலி கைநிறையக் கிடைத்ததால் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்போடு நின்று சக்கரத்தின்முன் அமர்ந்தனர். நான் வீடுதேடிச் சென்று அழைத்தபோது, “சார், உங்கள் படிப்பு இவ்வளவு தருமா?” என்று பெற்றோர் கேட்டனர். அன்று அது நியாயமான கேள்வியே. பின்னர் இயந்திரத்தால் பட்டை தீட்டப்பட்ட வெளிநாட்டுக் கற்கள் மலிவாக வந்து குவிந்தன. ஒரே அளவு, ஒரே பளபளப்பு. மூக்குத்தி வாங்குகிறவர் கல்லைத்தான் பார்ப்பார். தீட்டிய கையைப் பார்ப்பதில்லை. சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

இவர்களுடைய கைத்திறன் திருவெறும்பூர்த் தொழிலாளியின் திறனுக்குக் குறைந்ததன்று. ஆனால் இவர்கள் தீட்டிய கல்லை ஆராய ஒரு நிலையம் இல்லை. வேறு கல், வேறு வெட்டு, வேறு இயந்திரம் என்று எடுத்துக்காட்டக் கல்லூரி ஒன்று அருகில் இல்லை. தரகர் கல்லைக் கொடுத்தார், கூலியைக் கொடுத்தார், சந்தை எப்படி மாறுகிறது என்னும் செய்தியை மட்டும் கொடுக்கவில்லை.

திருவெறும்பூரும் தப்பிவிட்டதாக எண்ண வேண்டாம். சென்ற பத்தாண்டில் அனல் மின்நிலையங்களுக்கான ஆணைகள் குறைந்தபோது, அந்த ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த பட்டறைகள் பல தத்தளித்தன. வேறு வகை இரும்புக் கட்டுமானங்களைச் செய்யக் கற்றுக்கொண்டவை நிமிர்ந்து நின்றன. மற்றவற்றின் கதவுகளில் பூட்டுத் தொங்கியது.

டென்மார்க்கில் வேலை இழந்தவருக்குச் சில காலம் உதவித்தொகையும், வேறு தொழிலுக்கான பயிற்சியும் கிடைக்க ஏற்பாடு உண்டு. அங்கே தொழிற்சாலை மூடப்படலாம், தொழிலாளி கைவிடப்படுவதில்லை. நம் சக்கரக்காரர்களுக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. கூலி வேலைக்குச் சென்றவர் சிலர். வெளியூர் சென்றவர் சிலர். இன்னும் சிலர், ஓரிரு சக்கரங்களோடு, வந்த கல்லைத் தீட்டிக்கொண்டிருக்கின்றனர்.