சந்தாப் பணமும் பத்திரிகையின் நாக்கும்

(கிளைச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சந்தா சேர்ப்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளை. அதற்கு முன், இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிற்றூர்களிலும் சுரங்க ஊர்களிலும் நடந்த பத்திரிகைகளின் கதையைச் சொல்லுகிறேன்.

அங்கே வாரப் பத்திரிகை என்றால், ஆசிரியரும் நிருபரும் அச்சுக் கோப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். நாலு பக்கத்தில் இரண்டு பக்கம் வெளியூரிலிருந்து அச்சாகியே வந்துவிடும். 1861-இல், அச்சுக்காரர் போருக்குப் போய்விட்டதால், விஸ்கான்சின் மாநிலத்தில் கெல்லாக் என்பவர் கையாண்ட வழி அது. மீதிப் பக்கங்களில்தான் ஊர்க் கல்யாணம், சாவு, சுரங்க விபத்து எல்லாம்.

சந்தா வரவு சொற்பம். சிலர் காசுக்குப் பதில் விறகும் காய்கறியும் கொடுத்தார்கள். கடை விளம்பரமும், அறிவிப்புகளும், சில்லறை அச்சு வேலையுமே அடுப்பு எரிய வைத்தன. கடையும் கம்பெனியுடையது, அச்சு வேலையும் கம்பெனியுடையது என்றால், அந்தப் பேனா கூலிக்காரன் பக்கம் திரும்புமா?

ஊர் செத்தால் பத்திரிகையும் சாகும். நெவாடாவில் தங்கம் கிடைத்து எழுந்த ரயோலைட் ஊரில் 1905-இல் பிறந்த 'ரயோலைட் ஹெரால்டு', தங்கம் குறைந்து சனங்கள் கலைந்ததும் 1912-இல் மூடிக்கொண்டது.

துணிந்து எழுதியவர்களும் இருந்தார்கள். கொலராடோவின் விக்டர் என்னும் சுரங்க ஊரில், 1903 வேலைநிறுத்தத்தின்போது, 'விக்டர் ரெக்கார்டு' என்ற நாளேடு தொழிலாளர் பக்கம் நின்றது. செப்டம்பர் 29 இரவு பட்டாளம் புகுந்து ஆசிரியரையும் அச்சுத் தொழிலாளர்களையும் பிடித்துச் சென்றது. லைனோடைப் இயந்திரம் ஓட்டத் தெரிந்த எம்மா லாங்டன் என்ற பெண்மணி, கதவை அடைத்துக்கொண்டு இரவெல்லாம் எழுத்துக் கோத்தார். பொழுது விடிந்தது, பத்திரிகையும் வந்தது! அடுத்த ஆண்டு, 1904 ஜூனில், ஒரு கும்பல் அந்த அச்சுக்கூடத்தை அடித்து நொறுக்கியது.

தோழர்களே! துப்பாக்கி வந்தால் ஊரே பார்க்கும். விளம்பரப் பணம் வாயைக் கட்டுவதை யாரும் பார்ப்பதில்லை. நான் கிராணி, எந்தக் கணக்கைப் புரட்டினாலும் வரவு யாரிடமிருந்து என்றுதான் முதலில் பார்ப்பேன். பத்திரிகையையும் அப்படியே பாருங்கள். நம் பத்திரிகையும் அதற்கு விலக்கல்ல.

ஓர் இதழை வாங்கிப் பத்து வீட்டார் படிப்பது நல்ல பழக்கம். ஆனால் ஒன்பது வீட்டார் கொடுக்காத காசை வேறொருவர் கொடுப்பார்; அவர் சும்மா கொடுக்க மாட்டார். சந்தாப் புத்தகம் மேசைமேல் இருக்கிறது. பெயர் எழுதிவிட்டு வீடு செல்லுங்கள்.