பழைய சஞ்சிகைகளைக் கிழிக்காமல் காப்போம்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டுக் கண்காட்சிக்காகப் பழைய சஞ்சிகைகளைத் தேடினோம். அதிகம் கிடைத்தவை பைண்ட் செய்த தொடர்கதைகளே. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' அத்தியாயங்களை வாராவாரம் பிரித்தெடுத்துத் தைத்து வைத்திருந்தார்கள். கதை தப்பியது. அதைச் சுற்றியிருந்த விளம்பரம், வாசகர் கடிதம், துணுக்கு, சமையல் குறிப்பு எல்லாம் அடுப்புக்கும் கடைச் சுருளுக்கும் போய்விட்டன. கதையை இன்றும் வாங்கலாம். அந்த வாரம் என்ன சேலை புதிது, எந்தப் படம் பேச்சு, பெண்களுக்கு என்ன புத்தி சொன்னார்கள் என்பதை எங்கே வாங்குவது?

நமது தோட்டங்களில் முழுப் பிரதி கிடைப்பது இன்னும் அரிது. ஒரு சஞ்சிகை லயம் முழுவதும் சுற்றி வரும். நைந்த பின் காம்பிராச் சுவரில் ஒட்டப்படும். நாம் வாசிக்காமல் விட்டதால் அல்ல, வாசித்துத் தீர்த்ததால்தான் அவை இல்லாமற் போயின.

சேர்ந்தவற்றை ஆண்டுவாரியாக அடுக்கியபோது 1970களில் ஒரு வெற்றிடம் தெரிந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் 'ஆனந்த விகடன்', 'குமுதம்' போன்றவை வருவது அருகிய காலம் அது. அந்த இடத்தில், டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை'யும், நம்மைச் சிரிக்க வைத்த 'சிரித்திரன்' இதழும் இருந்தன. 1977க்குப் பின் தமிழகச் சஞ்சிகைகள் மீண்டும் வந்தன. நாட்டின் கொள்கை நம் வீட்டு வாசிப்பை எப்படி மாற்றியது என்பதை அந்த அடுக்கே சொல்லிவிடுகிறது.

ஆனால் கோ. நடேசய்யரின் 'தேசபக்தன்' பத்திரிகையில் ஒரு பிரதிகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார் எழுதிய பத்திரிகை அது. தோட்டப் பெண்களுக்காகக் குரல் கொடுத்த ஒரு பெண்ணின் எழுத்தை நம் பிள்ளைகளுக்குக் காட்ட முடியவில்லையே என்பது எங்களுக்குப் பெரும் மனக்குறை.

ஆகவே எங்கும் வாழும் பழைய மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்தியா சென்ற குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கலாம். கொழும்பிலும் கனடாவிலும் அம்மாவின் அலுமாரி இருக்கலாம். பழைய பேப்பர்காரருக்கு நிறுத்துப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். கிழிக்க வேண்டாம், டேப் ஒட்ட வேண்டாம். துருப்பிடித்த கம்பிகளை மெதுவாகக் கழற்றி, ஈரம்படாத பெட்டியில் வையுங்கள். அட்டையையும் ஓரத்தில் எழுதிய பெயர்களையும் படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தில் அவற்றுக்கும் இடம் உண்டு.

ஓரத்தில் பென்சிலால் "வாசித்துவிட்டுத் திருப்பித் தரவும்" என்று எழுதியிருக்கும். நம் அக்காமார் கேட்டது அவ்வளவுதான். நாமும் திருப்பித் தருவோம்.