வீட்டுப் பட்டறையில் ஒரு ரோட்ஸ்டர்



லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வடக்கே, மோஹாவே பாலைவனத்தில், ம்யூராக் என்ற வறண்ட ஏரி இருக்கிறது. பேர்தான் ஏரி. மைல் கணக்கில் மேடுபள்ளமில்லாத, வெயிலில் இறுகிப்போன களிமண் தரை. 1930களில் விடுமுறை நாட்களில் பொழுது விடியும்போதே இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு அங்கே வந்து சேர்வார்கள். மட்கார்டைக் கழற்றுவார்கள், முன்கண்ணாடியைக் கழற்றுவார்கள், எடை என்று எதுவெல்லாம் தோன்றுகிறதோ அதையெல்லாம் இறக்கி வைப்பார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக ஓட்டி வேகத்தை அளப்பார்கள். மாலையில் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டு அதே வண்டியில் வீட்டுக்குப் போவார்கள். 1937-இல் இந்தக் குழுக்கள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்து, விதிமுறை வகுத்தன. பின்னாளில் ம்யூராக் ராணுவத்தின் கைக்குப் போய், எட்வர்ட்ஸ் விமானப் படைத் தளமானது. பந்தயம் எல் மிராஜ் என்ற வேறொரு வறண்ட ஏரிக்கு இடம் மாறியது.

வேகத்துக்காக மாற்றிக் கட்டிய, ஹாட் ராட் என்கிற வண்டி அந்த ஏரித் தரையில் வளர்ந்தது. கட்டியவர்களில் பெரும்பாலோர் கையில் காசில்லாத பிள்ளைகள். பெருமந்தக் காலம் அது. அவர்களால் எப்படி முடிந்தது? ஃபோர்டு கம்பெனியின் ஒரு பழக்கம் கைகொடுத்தது. மற்ற கம்பெனிகள் மாறிய பிறகும், 1948 மாடல் வரைக்கும், ஃபோர்டு முன்னே ஒன்று பின்னே ஒன்று எனக் குறுக்கே வைத்த லீஃப் ஸ்பிரிங்கையே விடாமல் பயன்படுத்தியது. அதனால் 1940-ஆம் வருட வண்டியின் பிரேக்கும் சக்கரமும் சின்னச் சின்னத் திருத்தங்களோடு 1932-ஆம் வருட வண்டியில் வந்து உட்கார்ந்தன. பழைய இரும்புக் கடைதான் அவர்களுக்கு உதிரிபாகக் கிடங்கு.

அந்த 1932 ஃபோர்டைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். எட்டு சிலிண்டர் எஞ்சின் பணக்காரர்களுக்கே என்றிருந்த நாளில், எட்டு சிலிண்டரையும் ஒரே வார்ப்பில் வார்த்து, 500 டாலருக்கும் குறைவான ரோட்ஸ்டரில் வைத்து விற்றார் ஹென்றி ஃபோர்டு. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். கதவுக்குக் கீழே சேஸிஸ் வெளியே தெரியும். அதன் பக்கவாட்டில் ஓடும் அழுத்துக் கோடு கூட அழகுக்காகவே வைத்தது. ரோட்ஸ்டர் என்கிற மேல்கூரை இல்லாத இரண்டு பேர் வண்டியில் இதைவிட நல்ல வடிவத்தை நான் பார்த்ததில்லை.

இன்றைக்கும் அமெரிக்காவில் வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் இந்த வண்டியைப் பழைய பாணியிலேயே கட்டுகிறவர்கள் உண்டு. பார்க்கிறவர்கள் எஞ்சினைப் பேசுவார்கள், பெயின்ட்டைப் பேசுவார்கள். தேர்ந்த கைகளுக்கு வேலை தொடங்குவது சேஸிஸில்.

1932 சேஸிஸின் இரண்டு நெடுஞ்சட்டங்களும் ஒருபக்கம் திறந்த ‘சி’ வடிவம். கூடுதல் சக்தியுள்ள எஞ்சினை வைத்தால் முறுக்கிக்கொள்ளும். அதனால் திறந்த பக்கத்தில் தகடு வைத்து அடைக்கிறார்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரே மூச்சில் வெல்டிங் இழுத்தால் சூட்டில் சட்டம் வாழைக்காய் மாதிரி வளைந்துவிடும். இங்கே ஓர் அங்குலம், எதிர்முனையில் ஓர் அங்குலம், ஆறவிட்டு மறுபடி ஓர் அங்குலம். ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை டேப் பிடித்து, இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

அடுத்தது முன் ஆக்ஸில். வண்டி தாழ்வாக நிற்க, நடுவில் தாழ்த்தி வளைத்த ஆக்ஸிலைப் போடுவார்கள். ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கவட்டைக் கம்பி எஞ்சினுக்கு அடியில் ஒன்றாகச் சேரும். அதை இரண்டாகப் பிளந்து சேஸிஸின் இரு பக்கமும் மாட்டுவது வழக்கம். பிளந்த பிறகு ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் ஆக்ஸில் முறுக்குப்படும். ‘ஐ’ வடிவ ஆக்ஸில் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். தடித்த குழாய் ஆக்ஸில் கொடுக்காது. அந்த அழுத்தம் முழுவதும் வெல்டிங்கையும் போல்ட்டையும் தேடிப் போகும். சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் சாய்வையும் இதே சமயத்தில் பார்த்துக்கொள்ளவேண்டும். பின்பக்கமாக 5 முதல் 7 டிகிரி சாய்வு இருந்தால் வண்டி நேர்கோட்டில் போகும். குறைந்தால் ஸ்டியரிங் அலையும்.

இப்போது பிரேக். என் கணிப்பில் ஒரு ரோட்ஸ்டரின் தரத்தை இதை வைத்தே சொல்லிவிடலாம். 1932-இல் ஃபோர்டு பிரேக் வெறும் கம்பி இழுப்புதான். 1939-இல்தான் அந்தக் கம்பெனி ஆயில் பிரேக்குக்கு வந்தது. வந்த உடனே ஹாட் ராட் பிள்ளைகள் அதைக் கழற்றித் தங்கள் பழைய வண்டிகளில் மாட்டிக்கொண்டார்கள். ஆனால் அந்தக் காலத்து மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைப் பாதை கொண்டது. எங்கேயாவது ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. பழைய பாணியை எவ்வளவு நேசித்தாலும் இந்த இடத்தில் பழமை வேண்டாம். முன்சக்கரத்துக்குத் தனி, பின்சக்கரத்துக்குத் தனி என்று இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டரைத் தரைத் தகட்டுக்கு அடியில் வைத்துவிட்டால் வெளியே யாருக்கும் தெரியாது. இன்னொன்று: மாஸ்டர் சிலிண்டர் சக்கரங்களில் இருக்கும் சிலிண்டர்களைவிடத் தாழ்வாக அமைந்தால், மிதியை விட்டதும் ஆயில் பின்னோக்கி வடிந்துவிடும்; அடுத்த மிதிக்குப் பெடல் பாதித் தூரம் வெறுமனே இறங்கும். டிரம் பிரேக் குழாயில் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் ஒரு குட்டி வால்வு இதைத் தீர்க்கிறது. குழாய் ஸ்டீலாக இருக்கவேண்டும், முனை இரட்டை மடிப்பாக இருக்கவேண்டும். வளைக்க எளிது என்று சாதாரணச் செம்புக் குழாயைப் போடுவது உயிரோடு விளையாடுவது.

எஞ்சினுக்கு வருவோம். அந்தப் பழைய எட்டு சிலிண்டர் ஃபோர்டு எஞ்சினில் வால்வுகள் ஹெட்டில் இல்லை, பிளாக்கில் இருக்கின்றன. எரிந்த புகை, தண்ணீர் ஓடும் பிளாக்கின் ஊடாகவே வெளியேறவேண்டும். அதனால் சூடேறும், வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விடும். ஆகவே பழைய பிளாக் வாங்கினால் முதல் செலவு விரிசல் சோதனைக்குத்தான். ரீபோர், கேம் ஷாஃப்ட் எல்லாம் அதற்கப்புறம். இந்த எஞ்சினிலிருந்து கூடுதல் சக்தி எடுக்கப் போய்த் தொழிலதிபர்களானவர்கள் உண்டு. விக் எடல்பிராக் என்ற மெக்கானிக் இரண்டு கார்புரேட்டர் வைக்கும் மேனிஃபோல்டு செய்தார். தன் 1932 ரோட்ஸ்டரிலேயே ஏரித் தரையில் ஓட்டிச் சோதித்தார். ஆர்மீனியக் குடும்பத்துப் பிள்ளையான எட் இஸ்கெண்டேரியன், கேம் தீட்டும் இயந்திரத்தைத் தானே அமைத்துக்கொண்டார். இருவர் பெயரிலும் இன்றுவரை உதிரிபாகங்கள் விற்பனையாகின்றன.

பாடி வேலை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. துருப்பிடித்த இடத்தை வெட்டியெடுத்துத் தகடு வைத்து, தட்டி நேராக்கி, பட்டி பார்ப்பது எல்லா ஊர் டிங்கர்களும் அறிந்த வேலை. ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். பெயின்ட் அடிக்கும் முன் வண்டியை வெற்று இரும்பாகவே முழுமையாகச் சேர்த்து, ஓட்டிப் பார்க்கவேண்டும். கதவு எங்கே உரசுகிறது, சைலன்சர் குழாய் எங்கே இடிக்கிறது, மிதி காலுக்கு எட்டுகிறதா என்பதெல்லாம் ஓட்டினால்தான் தெரியும். எல்லாம் தீர்ந்த பிறகு மறுபடி அக்கக்காகப் பிரித்துப் பெயின்ட்டுக்கு அனுப்பலாம்.

ஒஹையோ மாநிலத்தின் புரூக்வில் ஊரில் 1932 ரோட்ஸ்டரின் பாடியையே புதிய இரும்புத் தகட்டில் அடித்து விற்கிறார்கள். புதிய சேஸிஸும் கிடைக்கிறது. ஃபோர்டு ஆலையில் செய்த ஒரு போல்ட் கூட இல்லாமல் 1932 ஃபோர்டு ஒன்றைக் கட்டிவிட முடியும். அது உண்மையான ஹாட் ராட் ஆகுமா என்று அங்கே வாதம் ஓய்ந்தபாடில்லை. ஆகும் என்றே நான் சொல்வேன். அன்றைய பிள்ளைகளும் கிடைத்ததைத்தான் பொருத்தினார்கள்; ஒன்றோடொன்று பொருந்தாததைப் பொருந்தவைத்த கைவேலைக்கே மதிப்பு.

நேயர்களே, இப்படியொரு வண்டியை எங்கேயாவது காண நேர்ந்தால், படத்திலோ காட்சியகத்திலோ, பெயின்ட்டின் பளபளப்போடு திரும்பிவிடாதீர்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து, பிரேக் குழாய் எப்படிப் போகிறது, வெல்டிங் எப்படி ஓடியிருக்கிறது என்று பாருங்கள். கட்டியவரின் கைத்திறனை அங்கே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.