அணுக் கழிவும் ஊற்றுக்கண்ணும்
(பெருமுக்கல்லில் ஆற்றிய உரை)



ஐப்பசி பிறக்குமுன் ஏரிக்கரையை நாம் சுற்றிப் பார்க்கிறோம். நண்டு வளை எங்கே உள்ளது, மதகுக் கதவு சரியாக இறங்குகிறதா, கரை உடைந்தால் நீர் எவர் வயலில் புகும், எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்றெல்லாம் ஆராய்கிறோம். கரை பலமாக இருக்கிறதென்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிடுவதில்லை. அணுக் கழிவை வைக்கும் இடத்தின் அபாயத்தை மதிப்பிடுவதும் இத்தகைய வேலையே. வேறுபாடு காலக் கணக்கில் உள்ளது.

சீசியம்-137 என்னும் பொருளின் கதிரியக்கம் பாதியாகக் குறைய 30 ஆண்டுகள் ஆகின்றன. 300 ஆண்டுகள் காத்தால் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். புளூட்டோனியம்-239 பாதியாவதற்கே சுமார் 24,000 ஆண்டுகள் வேண்டும். வீரியம் குறைந்த கழிவுகளைக் கல்பாக்கம் போன்ற இடங்களில் தரையை ஒட்டிய கான்கிரீட் அறைகளில் வைக்கிறார்கள். வீரியம் மிக்கதைக் கண்ணாடியோடு உருக்கி உறையச் செய்து, எஃகுக் கலங்களில் அடைத்துக் குளிரவைத்துக் காக்கிறார்கள். அதை நிரந்தரமாகப் புதைக்கும் ஆழ்நிலக் கிடங்கு நம் நாட்டில் இன்னும் இல்லை. 1980களில் கோலார் தங்கச் சுரங்கத்தில், சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில், ஒரு சோதனை நடந்தது. அங்கே கழிவு வைக்கப்படவில்லை. மின்சூடேற்றிகளை வைத்து, வெப்பத்தால் பாறை என்ன ஆகிறதென்று பார்த்தார்கள்.

இந்தப் பெருமுக்கல் குன்றைப் பார்ப்பவர்கள், இதனினும் உறுதியான பொருள் உண்டோ என்பார்கள். இங்கே எதையோ புதைக்கப் போகிறார்கள் என்று எவரும் கருதிவிட வேண்டாம். கண்முன் நிற்பதால் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். பாறையில் கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும்: நீர் கல்லில் இல்லை, கல்லின் வெடிப்பில் இருக்கிறது. வரப்புக்கு இப்பால் ஒரு கிணறு ஊறும். அப்பால் மற்றொன்று வறண்டு கிடக்கும். புதைத்த நஞ்சு வெளியே வருமானால், பெரும்பாலும் அந்த ஊற்றுக்கண் வழியாக, நீரோடுதான் வரும்.

ஜெர்மனியில் ஆஸ்ஸே என்னும் பழைய உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 கலங்களை இறக்கினார்கள். உப்பு உள்ள இடத்தில் நீர் புகாது என்பது நம்பிக்கை. பின்னர் நீர் கசிந்து உள்ளே வந்தது. அத்தனையையும் திரும்ப வெளியே எடுக்க வேண்டுமென்று 2013-இல் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று.

நீர் மட்டுமன்று, மனிதர் கவனமும் தவறும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ கிடங்கில் 2014 பிப்ரவரியில் ஒரு பீப்பாய் வெடித்துக் கசிந்தது. ஈரத்தை உறிஞ்சக் கனிமத் தூள் போடவேண்டிய இடத்தில் தாவரத் தூளைப் போட்டிருந்தார்கள். அது நைட்ரேட் உப்போடு சேர்ந்து சூடேறியது. அவ்வளவே காரணம்! கிடங்கு ஏறத்தாழ மூன்றாண்டுகள் மூடிக் கிடந்தது. நம் கல்பாக்கத்தின் மறுபதப்படுத்தும் ஆலையிலும் 2003 ஜனவரியில் ஒரு வால்வு பழுதாகி, வீரியம் மிக்க கழிவு வரக்கூடாத இடத்துக்கு வந்தது. அதை அறியாமல் பணிபுரிந்த ஆறு பேர் மிகுதியான கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அவ்விடத்தில் எச்சரிக்கும் கருவி இல்லை. ஆகவே கலம் எவ்வளவு தடிமன் என்பதோடு, அது பழுதானால் யாருக்கு, எத்தனை நிமிடத்தில் தெரியும் என்பதையும் கேட்க வேண்டும்.

இன்னொரு கேள்வி இக்குன்றிலேயே இருக்கிறது. இதன் குகைப் பாறையில் முன்னோர் கீறிய உருவங்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். என்ன சொல்ல நினைத்தார்கள் என்று நம்மால் உறுதியாகப் படிக்க முடியவில்லை. அப்படியிருக்க, இங்கே தோண்டாதே என்று 24,000 ஆண்டுகளுக்குப் பின் வருபவனுக்கு எந்த எழுத்தில் எழுதி வைப்பது? பல நாட்டு அறிஞர்கள் இதை ஆராய்ந்து வருகிறார்கள். எங்களுக்கு நிறைவான விடை எதுவும் அதில் தென்படவில்லை.

கல்பாக்கத்தில் முதல் மின் உலை 1983-இல் இயங்கத் தொடங்குமுன்பே, 1974-இல் சுற்றுப்புற ஆய்வுக்கூடம் ஏற்படுத்தப்பட்டது. முன்பு மண்ணிலும் நீரிலும் என்ன இருந்தது என்று தெரிந்தாலன்றோ, பின்பு கூடியதா என்று சொல்ல இயலும்! கல் குவாரியோ ஆலையோ கிடங்கோ, எது வந்தாலும் இந்த முதற்கணக்கு வேண்டும். எந்தக் கிணறு எந்த மாதத்தில் வற்றுகிறது, எதில் உவர் ஏறியது, எந்த ஆழத்தில் ஊற்று என்பனவற்றை ஊர்ப் பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். பஞ்சாயத்தில் இதற்கென ஒரு பதிவேடு இல்லாத ஊர்கள் வரும் கோடையிலேயே அதைத் தொடங்கலாம்.